பதின்மூன்று கிலோ நானூறு

நம்புதாளையில் நண்டு நிறுக்கும் தராசில்
விளையாட்டாய் என் பையை ஏற்றினேன்.
பதின்மூன்று கிலோ நானூறு.
"என்ன சரக்கு?" என்றார் ஏலக்காரர்.
கூடாரம், அவல், அரிசி, இரண்டு சட்டை,
மூன்று லிட்டர் தண்ணீர்.
"கிலோ பத்துக்குக்கூட எவனும் கேக்கமாட்டான்.
தூக்கிக்கிட்டுப் போங்க."

தூக்கிக்கிட்டுப் போனோம்.
நடக்கத் தொடங்கி ஒன்பதாம் நாள்,
ஐப்பசி மழை விட்டு மூன்றாம் நாள்.
இடப்பக்கம் கடல்,
வலப்பக்கம் சீமைக்கருவேலம்.
நடுவில் யாரும் போட்டுவைக்காத பாதை.

மோசஸ் வால்பாறைக்காரன்.
ஏற்றமில்லாத நடை அவனுக்கு நடையே இல்லை.
"மலைன்னா ஏறுனதுக்கு ஒரு உச்சியாவது மிஞ்சும்.
இங்க பாரு,
காலைல பார்த்த பனை
மத்தியானமும் அதே தூரத்துல நிக்குது."

முள்ளிமுனை தாண்டி ஒரு கழி குறுக்கிட்டது.
பேருக்கு மரியாதை வைத்து அது பிளக்கவில்லை.
பையைத் தலையில் வைத்து இறங்கினான் மோசஸ்.
இடுப்பளவு நீர்,
அதற்குக் கீழே எவ்வளவென்று தெரியாத உளை.
அக்கரையில் அவன் இடது செருப்பு வரவில்லை.
வலது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் யோசித்தான்,
தூக்கி எறிவதா, துணை தேடுவதா என்று.
கடைசியில் பையில் கட்டிக்கொண்டான்.
இன்னும் இருநூறு கிராம்.

காரங்காட்டில் குழாயடி வரிசையில்
பதினொரு குடங்களுக்கு முன்னால் எங்களை விட்ட பெண்
"எங்கிருந்து?" என்றாள்.
"வேதாரண்யம்."
"பஸ்ஸு ஓடலையா?"
குப்பி நிரம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அலையாத்திக் காடு.
சேற்றிலிருந்து விரல் விரலாய் நீட்டிய வேர்கள்.
நாலரை மணிக்குக் காற்று விழுந்தது.
விழுந்த இடத்திலிருந்து
எழுந்தன.

மேகம் என்று சொல்லமாட்டேன்,
மேகம் காதுக்குள் போகாது.
பேச வாய் திறந்தால் இரண்டு,
மூச்சு இழுத்தால் ஒன்று.
மேல்சட்டை மீது இன்னொரு சட்டை,
அதையும் துளைக்கும் ஊசி.
"எங்க ஊரு அட்டை எவ்வளவோ தேவலை" என்றான் மோசஸ்,
"சொல்லாம எடுக்கும், எடுத்ததும் விழுந்துரும்.
இது பாடிட்டுல்ல எடுக்குது."
ஓடினோம்.
பதின்மூன்று கிலோவோடு ஓடுவது
பார்ப்பவருக்குச் சிரிப்பு.
பார்க்கக் கொக்குகள் மட்டும் இருந்தன.

மோர்ப்பண்ணைக்கு இப்பால் மணல்மேட்டில்
கூடாரம் அடித்து, ஜிப்பை இழுத்து,
உள்ளே வந்துவிட்ட ஏழைக் கொன்று,
அவலில் தண்ணீர் ஊற்றும்போது
வெளிச்சம் வந்தது.
டார்ச். காக்கி. கோட்டைச்சாமி, கடலோரக் காவல்.
"யாரு? எதுக்கு? எங்கிருந்து? வெளிய வா."
வெளியே வந்தோம்.
கேள்விக்கு ஒரு அடி
தன் கன்னத்திலேயே போட்டுக்கொண்டார்.
நாலாவது கேள்வியில் சொன்னார்,
"உள்ள உட்கார்ந்து எழுதிக்கலாம்."

இருவருக்கான கூடாரத்தில் மூவர்.
என் முழங்காலே அவருக்கு மேசை.
பெயர், தகப்பன் பெயர், ஆதார் எண்.
பையைப் பிரித்துப் பார்த்தார்:
ஒற்றைச் செருப்பை மட்டும்
இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.
"நோக்கம்?"
மோசஸ் என்னைப் பார்த்தான்.
நான் அவலைப் பார்த்தேன்.
ஒன்பது நாளும் இதையேதான்
கால் கேட்டுக்கொண்டிருந்தது.
பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது.
அங்கே ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.
பட்டென்று அடித்தார்.
கட்டம் நிறையச் சிவப்பு.
கொஞ்சநேரம் அதைப் பார்த்துவிட்டு
நோட்டை மூடினார்.

கொசு மருந்துக் குழாயை அவரிடம் கொடுத்தோம்.
கழுத்தில் தடவிக்கொண்டே
கரையோடு நடந்தார், தனியாக,
அடுத்த ஊர் வெளிச்சம் வரைக்கும்.

விடியலில் பையைத் தூக்கினேன்.
தண்ணீர் தீர்ந்திருந்தது, மருந்து இல்லை,
அவல் பாதி.
எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.
தேவிபட்டினத்தில் தராசு இருக்கும் என்றான் மோசஸ்,
வெறுங்காலோடு எனக்கு முன்னால்.